அன்னத்தின் நிழலும் தோழியின் சொல்லும்

மேற்கு மாரெட்பள்ளியில் வாழும் என் நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் நெடுநாளாக ஓர் ஓவியத்தின் அச்சுப்படி சட்டமிடப்பெற்றுத் தொங்கிக்கொண்டிருந்தது. நண்பர் இரயில்வே கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மாதத்தில் இரு சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் அங்குக் கூடி, சங்க நூல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பது வழக்கம். வாயிலைக் கடந்து உள்ளே வருவோர் அனைவர் கண்ணிலும் அப்படம் படும். ஆயினும் அதைப்பற்றி ஒருவரும் பேசியதில்லை. நாள்காட்டியும் சுவர்க் கடிகாரமும் போல அதுவும் கூடத்தின் ஓர் உறுப்பாகிவிட்டிருந்தது. ஒரு நாள் புதிதாக வந்த அன்பர் ஒருவர், படிப்புத் தொடங்குமுன், "இப்படத்திற்கு என்ன பொருள்?" என்று பொதுவாகக் கேட்டார். அக்கேள்விக்கு விடை சொல்ல முன்வந்தவன் நான். அந்த விடையால் நேர்ந்ததே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

படம் ஸ்பெயின் நாட்டு ஓவியர் சல்வதோர் டாலி 1937ஆம் ஆண்டில் தீட்டியது. 'யானைகளை நிழலாகக் காட்டும் அன்னங்கள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அமைதியான ஓர் ஏரி. அதில் மூன்று அன்னங்கள். அவற்றின் பின்னே பட்டுப்போன, இலையற்ற மரங்கள். நீரில் இவற்றின் நிழல் விழுகிறது. விழுந்த இடத்தில் அன்னத்தின் வளைந்த கழுத்துத் தும்பிக்கையாகிறது; உடல் அகன்ற செவியாகிறது; மரத்தின் அடிகள் தூண் போன்ற கால்களாகின்றன. மேலே மூன்று அன்னங்கள். கீழே மூன்று யானைகள். ஏரியைச் சூழ்ந்த பாறைகள் தீயின் நிறத்தில் திகழ்கின்றன. இவை எல்லாவற்றையும் கண்டபின், பெரும்பாலோர் காணத் தவறும் ஒன்று இடப்பக்கத்தில் உள்ளது. அங்கே ஒரு மனிதன் நிற்கிறான். இத்தனை பெரிய விந்தை தன் அருகே நிகழ, அவன் அதனை நோக்காமல் வேறெங்கோ பார்த்து நிற்கிறான்.

நம் நாட்டு மரபில் அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கவல்ல பறவை. இந்த ஏரியின் அன்னத்திற்கோ தன் நிழலை யானையினின்று பிரித்துக்கொள்ளவும் ஆற்றல் இல்லை. இதைச் சொல்லி நான் அன்று நிறுத்தியிருக்கலாம். நண்பரின் துணைவியார்கூட அப்போது, "எனக்கு முதலில் யானைதான் தெரிந்தது, அன்னத்தைப் பிறகுதான் பார்த்தேன்" என்று மிக நல்ல குறிப்பு ஒன்றைச் சொன்னார். அது யார் காதிலும் விழவில்லை. நான் பேசிக்கொண்டிருந்தேன். அன்னம் குடும்பம் ஊருக்குக் காட்டும் வெண்மை என்றேன். யானை, அவ்வெண்மையின் அடியில் கிடக்கும் சொல்லப்படாத பாரம் என்றேன். பட்ட மரங்கள் தடைபட்ட விருப்பங்கள் என்றேன். கேட்போர் தலையசைக்கத் தலையசைக்க என் பேச்சும் வளர்ந்தது. இறுதியில் அந்த மனிதனைச் சுட்டி, "இவன்தான் வீட்டின் தலைவன். தன் இல்லத்தில் தன் கண்முன் நடப்பதைக் காணாதவன். சொல்லப்போனால், இவனே தந்தை" என்று முடித்தேன். எல்லோரும் பாராட்டினர். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கொண்டுவர உள்ளே சென்றார்.

இரண்டு வாரம் கழித்துச் சென்றபோது படம் இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் மற்ற இடங்களைவிட வெளுத்து, நீண்ட சதுரமாகத் தெரிந்தது. காரணம் கேட்க எனக்குத் துணிவு இல்லை. பிறர் புறப்பட்டுச் சென்ற பிறகு அவரே சொன்னார். அப்படம் அவர் மகன் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபிட்ஸ் நடைபாதைப் புத்தகக் கடைகளில் வாங்கிவந்து மாட்டியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், தான் ஓவியம் பயில நுண்கலைக் கல்லூரியில் சேர விரும்புவதாக அவன் சொல்லியிருக்கிறான். இவர் மறுத்திருக்கிறார். மறுத்தார் என்பதும் மிகை. அவன் சொன்னதைச் செவியில் வாங்காமலே பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறார். இப்போது அவன் கனடாவில் இருக்கிறான், நல்ல வேலை, பேச்சுத்தான் குறைந்துவிட்டது. "இத்தனை ஆண்டுகளாக என் மகன் எனக்கு எழுதிய கடிதத்தை நான் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு படிக்காமலே இருந்திருக்கிறேன், சார். நீங்கள்தான் படித்துச் சொன்னீர்கள்" என்றார் நண்பர். அவர் குரலில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று இரவு வீடு திரும்பியபின் என்னை வருத்திய கேள்வி, நான் சொன்ன பொருள் சரியா தவறா என்பது மட்டும் அன்று. ஓர் ஓவியத்திற்குப் பொருள் சொல்ல எனக்கு உரிமை தந்தவர் யார்? அவ்வுரிமைக்கு எல்லை உண்டா?

சர்ரியலிசம் என்னும் மீமெய்ம்மைக் கொள்கை கலையுலகில் புகுந்த நாள்முதல் இக்கேள்வி அதனோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. 1924ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஆந்த்ரே பிரெத்தோன் அக்கொள்கையின் அறிக்கையை வெளியிட்டபோது, அவருக்குப் பின்னணியாக நின்றது வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டின் கனவு ஆராய்ச்சி. விழிப்பு மனத்தின் காவல் தளரும்போது அடிமனத்தில் அழுந்திக் கிடப்பவை உருமாறி வெளிப்படும். அவ்வுருவங்களைக் குறியீடுகளாகக் கொண்டு படிக்கலாம் என்பது ஃபிராய்டின் துணிபு. ஓவியர் சிலர் அந்தக் கனவையே துணியில் தீட்ட முற்பட்டனர். தமிழிலும் 1974இல் வெளிவந்த அப்துல் ரகுமானின் 'பால்வீதி' இப்போக்கிற்குச் சான்றாகக் காட்டப்பெறுவதை அறிவோம். கனவைத் தீட்டியவன் ஒருவன் என்றால், அதற்குப் பலன் சொல்ல ஊரே திரண்டுவிடும் என்பது இயல்புதானே?

ஆனால் ஒரு செய்தி பலருக்கு நினைவில் இல்லை. 1938ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நாசிகளின் ஆட்சிக்குத் தப்பி இலண்டனில் தங்கியிருந்த ஃபிராய்டை டாலி நேரில் சென்று கண்டார். ஃபிராய்டுக்கு அப்போது வயது 82. எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் அச்சந்திப்புக்கு ஏற்பாடு செய்தார். டாலியின் 'நார்சிசஸின் உருமாற்றம்' என்ற ஓவியமும் உடன் எடுத்துச் செல்லப்பெற்றது. அதுவும் 1937இல் வரையப்பட்டதே. அதுவும் இரட்டை உருவம் கொண்டதே. பழைய ஓவியர்களின் படைப்பில் தாம் அடிமனத்தைத் தேடுவதாகவும், மீமெய்ம்மையாளரின் படைப்பிலோ விழிப்பு மனத்தையே தேடுவதாகவும் ஃபிராய்டு கூறினார் என்று டாலி பின்னாளில் எழுதினார். இதன் கூர்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். கனவுக்குப் பொருள் சொல்லும் கலையைத் தோற்றுவித்தவரே, இவ்வோவியத்தில் காணப்படும் கனவு, கனவு அன்று. கனவு போலக் கருதிச் செய்யப்பட்ட வேலைப்பாடு என்று கண்டுகொண்டார்! குறியீடுகள் தாமாக மிதந்து வந்தவை அல்ல, நட்டு வைக்கப்பட்டவை. நட்டு வைத்தவன் எதிரே அமர்ந்து மீசையை முறுக்கிக்கொண்டிருக்கிறான்.

அப்படியானால் நட்டவனையே கேட்டு அறிந்துவிடலாமே எனின், அதுவும் பயன் தரவில்லை. 1931இல் அவர் வரைந்த, உருகி வழியும் கடிகாரங்கள் உள்ள ஓவியத்தைக் கண்டு, காலம் சார்புடையது என்ற ஐன்ஸ்டைன் கொள்கையின் குறியீடு அது என்று எத்தனையோ பேர் எழுதினர். டாலியோ, உணவுக்குப் பின் மேசைமேல் இளகிக் கிடந்த பாலாடைக்கட்டியே தமக்கு அவ்வெண்ணத்தைத் தந்தது என்று தம் வரலாற்றில் எழுதி வைத்தார். மற்றோரிடத்தில் அவரே தம் இரட்டை உருவங்களுக்கு உருக்கமான காரணம் ஒன்று கற்பிக்க இடந்தருகிறார். அவர் பிறப்பதற்கு ஒன்பது திங்கள் முன்பு, 1903இல், அவருடைய தமையன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். அவனுக்கும் சல்வதோர் என்பதே பெயர். இறந்தவன் பெயரைத் தாங்கிப் பிறந்தவன் ஒரே உருவில் இரண்டைக் காண்பதில் வியப்பென்ன என்று நமக்குத் தோன்றுகிறது. தோன்றும்படி அவரும் பேசினார். 1963இல் 'என் இறந்த தமையனின் உருவம்' என்றே ஓர் ஓவியமும் தீட்டினார். ஆனால் இவர் தம் வாழ்வையே ஒரு காட்சியாக நடத்திய மனிதர். பாலாடைக்கட்டியை நம்புவதா, தமையனை நம்புவதா? படைத்தவன் சான்றுக்கூண்டில் ஏறினால் வழக்குத் தீர்ந்துவிடும் என்பது நம் எளிய நம்பிக்கை.

இதற்கு நேர்மாறான ஒருவர் பெல்ஜிய நாட்டு ரெனே மக்ரீத். அவருக்குப் பதின்மூன்று வயதாக இருக்கையில், 1912இல், அவருடைய தாயார் ஆற்றில் விழுந்து உயிர் நீத்தார். உடலை எடுத்தபோது இரவு உடை முகத்தை மூடியிருந்தது என்று ஒரு செய்தி வழங்கியது. 1928இல் மக்ரீத் 'காதலர்' என்ற ஓவியத்தில் தலையை முழுதும் துணி மூடிய இருவர் முத்தமிடுவதாக வரைந்தார். பிறகு கேட்க வேண்டுமா? மூடிய முகம் என்றால் தாயின் முகம் என்று திறனாய்வாளர் பலர் முடிவு கட்டினர். மக்ரீத் அவ்வகை விளக்கங்களை விரும்பவில்லை. அந்த வழங்குசெய்தியே எவ்வளவு உண்மை என்ற ஐயம் பின்னர் எழுந்தது. உண்மையாகவே இருந்தாலும், ஒருவன் தாயை இழந்த துயரத்தை அவன் கையில் இருந்து வாங்காமல் அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பலர் முன் விரித்துக் காட்டுவது என்ன நியாயம்? அவ்விளக்கங்களை நானும் ஒரு காலத்தில் வியந்து படித்தவன்தான். நண்பர் வீட்டுச் சுவரில் அந்த வெளிறிய சதுரத்தைக் கண்டபின் என்னால் அவற்றை முன்போல் படிக்க முடியவில்லை.

ஒன்றில் இரண்டைக் காட்டும் கலை நமக்குப் புதியது அன்று. மாரெட்பள்ளியிலிருந்து மூசி ஆற்றைக் கடந்து சாலார் ஜங் அருங்காட்சியகத்திற்குச் செல்வோர், ஒரே மரத்தில் முன்னும் பின்னுமாகச் செதுக்கப்பட்ட சிலையைக் காணாமல் திரும்புவதில்லை. முன்னே தருக்கி நிற்கும் மெஃபிஸ்டோஃபிலிஸ் என்னும் தீயோன். பின்னே வழிபாட்டு நூலைக் கையில் ஏந்தித் தலை கவிழ்ந்து நிற்கும் மார்கரெட்டா என்னும் பேதைப்பெண். பின்னுருவத்தைக் காண ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அங்கே பொருள் காண்பதில் இடர்ப்பாடு இல்லை. கதே இயற்றிய 'ஃபௌஸ்ட்' நாடகத்தை அறிந்தவர்க்கு அச்சிலை திறந்த நூல். தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் உண்டு, ரிடபகுஞ்சரம் என்பர். ஓர் உடலைக் கையால் மறைத்தால் காளை. மற்றதை மறைத்தால் யானை. சிறுவர் அதனை மறைத்து மறைத்துப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டிருக்கிறேன். அச்சிற்பி அச்சிரிப்புக்காகவே அதனைச் செய்திருப்பான் என்றே நினைக்கிறேன். அதில் தத்துவம் தேடுவோரைத் தடுக்க முடியாது. தேடாதவர் எதையும் இழந்துவிடவில்லை.

டாலியின் யானைக்கு நம் நாட்டோடு வேறொரு தொடர்பும் உண்டு. 1967இல் ஏர் இந்தியா நிறுவனம் தன் பயணிகளுள் சிறப்புடையோர்க்குப் பரிசாக அளிக்க ஒரு பீங்கான் சாம்பற்கிண்ணத்தை வடிவமைத்துத் தருமாறு அவரை வேண்டியது. அவர் கிண்ணத்தைத் தாங்கும் கால்களில் இதே விளையாட்டை வைத்தார்: நேரே பிடித்தால் அன்னம், கவிழ்த்தால் யானை, நேரே யானை, கவிழ்த்தால் அன்னம். கூலியாகப் பணம் கேளாமல் ஒரு யானைக்கன்று கேட்டார். இந்தியாவிலிருந்து உயிருள்ள யானைக்கன்று ஒன்று ஸ்பெயினுக்கு அனுப்பவும்பட்டது. யானைக்கு யானையே விலை! தீராத அடிமனத் துயரின் குறியீடு என்று நான் அவ்வளவு உறுதியாகக் கூறிய உருவம், முப்பது ஆண்டு கழித்து விமானப் பயணிகள் சிகரெட்டுச் சாம்பலைத் தட்டும் கலத்தின் காலாக வந்து நின்றது. இதனால் 1937இன் ஓவியம் பொருளற்றது என்று ஆகிவிடாது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. டாலியின் நண்பராக இருந்த கவிஞர் லோர்க்கா முந்திய ஆண்டில் கொல்லப்பட்டிருந்தார். பட்ட மரங்களையும் எரியும் நிறத்துப் பாறைகளையும் பார்க்கையில் அந்நினைவு வராமல் இல்லை. ஆனால், வருகிறது என்பது வேறு. அதுதான் இது என்பது வேறு.

என் தவறு எங்கே இருந்தது என்பதை எனக்குக் காட்டியது மேலைநாட்டு நூல் எதுவும் அன்று. படம் இறக்கப்பட்டபின் நடந்த மூன்றாவது கூட்டத்தில் நாங்கள் குறுந்தொகையின் 37ஆம் பாட்டைப் படிக்க நேர்ந்தது. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. மிகச் சிறிய பாட்டு. தலைவன் பொருள்தேடிப் பிரிந்து சென்றிருக்கிறான். தலைவி ஆற்றாது வருந்துகிறாள். தோழி அவளிடம், தலைவன் சென்ற வழியில் ஆண்யானை ஒன்று தன் பிடியின் பசியைப் போக்க யாமரத்தின் பட்டையை உரிக்கும் காட்சி உண்டு என்று நினைவூட்டுகிறாள். அவ்வளவே. அதைக் காண்பவன் உன்னை நினைப்பான், விரைவில் மீள்வான் என்பது சொல்லாமல் விளங்குகிறது.

இப்பாட்டை நூறுமுறை படித்திருப்பேன். அன்றுதான் இது பொருள்கோள் பற்றிய பாட்டாகவும் எனக்குப் பட்டது. இங்கேயும் ஒரு யானை. இங்கேயும் ஒரு காட்சிக்குப் பொருள் சொல்லும் ஒருவர். இங்கேயும் அதைக் கேட்டு நிற்கும், ஒருவனது பிரிவால் வருந்தும் உள்ளம். நான் பேசிய கூடத்தில் இருந்த அத்தனையும் இப்பாட்டில் இருக்கின்றன. தோழியும் யானையைக் காட்டினாள், நானும் காட்டினேன்.

தொல்காப்பியர் உள்ளுறை உவமத்திற்கு இலக்கணம் சொல்லும்போது, தெய்வத்தை விலக்கி, ஏனைய கருப்பொருள்களையே அதற்கு இடமாகக் கொள்ள வேண்டும் என்கிறார். மரமும் பறவையும் விலங்கும் பிறவும் குறிப்புப் பொருள் தரலாம், தெய்வம் ஆகாது. இதற்கு என் மனத்தில் படும் காரணம் ஒன்று உண்டு. தெய்வத்தைக் குறியீடாக்கிப் பொருள் உரைத்தால் கேட்பவன் மறுக்க முடியாது. மரத்தையும் யானையையும் வைத்துச் சொன்னால், "அப்படியன்று" என்று மறுமொழி கூற அவனுக்கு வழி இருக்கும். குறிப்புப் பொருளுக்கு அந்த வழி திறந்திருப்பது இன்றியமையாதது. நான் அன்று அடிமனத்தின் பெயரால் பேசினேன். அடிமனம் இக்காலத்தின் தெய்வங்களுள் ஒன்று. அதன் பெயரால் சொல்லப்பட்டதை மறுத்தால், மறுப்பதே குற்றத்திற்குச் சான்று என்பார்கள். என் நண்பருக்கு மறுமொழி கூற நான் இடமே வைக்கவில்லை.

இறைச்சியைப் பற்றிப் பொருளியலில் தொல்காப்பியர் கூறுவது இன்னும் நேராக என்னைத் தைத்தது. அன்புக்கு ஏற்றவற்றை இறைச்சிப் பொருளில் சுட்டிக் காட்டுவது, வருந்தும் பொழுதில் ஆற்றுவிக்கும் வன்புறையாகும் என்பது அவர் கருத்து. ஓர் இலக்கண நூல், குறிப்புப் பொருளை விளக்குமிடத்தில், கேட்பவர் வருந்துகிறாரா என்று கேட்கிறது! அகப்பாட்டில் எந்தப் பொருளும் ஆளில்லாத வெளியில் நிற்பதில்லை. யார் கூற்று, யாருக்குக் கூறியது, எந்த நிலையில் கூறியது என்பவை தெரிந்தாலன்றிப் பாட்டின் பொருள் முற்றுப்பெறுவதில்லை. உரையாசிரியர்கள் பாட்டுத்தோறும் இதைத்தான் முதலில் வகுக்கிறார்கள். நாமோ ஓர் ஓவியத்தின் முன் நின்று, "இதன் பொருள் இது" என்று, கூறுவார் கேட்பார் இல்லாத ஓர் அந்தரத்தில் நின்று பேசுவதாக எண்ணிக்கொள்கிறோம். மாரெட்பள்ளியில் ஒரு கூடத்தில், மகன் மாட்டிய படத்தின் கீழே, அவன் தந்தையின் எதிரில் நின்று நான் பேசினேன் என்பதை அறிவேன். அறிந்தும் அது என் பொருள்கோளில் சேர்த்தி இல்லை என்று எண்ணினேன்.

இதை நான் சொன்னபோது, எங்கள் குழுவில் கணக்காசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உடன்படவில்லை. "கேட்பவர் மனம் நோகுமென்று உண்மையை மாற்றிச் சொல்வதா? தோழி செய்தது ஆறுதல். அது பொருள் ஆகுமா? தலைவன் யானையைப் பார்த்தானா இல்லையா என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நேர்மையான வினா. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. இனிமைக்காகப் பொருளைத் திரிக்கத் தொடங்கினால் பாட்டும் ஓவியமும் பஞ்சணை ஆகிவிடும்.

ஆனால் தோழி திரித்தாளா? வழியில் யானை உண்டு, யாமரம் உண்டு, பட்டை உரிக்கும் செயலும் உண்டு. அதே பாலை வழியில் பருந்தும் செந்நாயும் வழிப்பறி செய்வோரும் இருப்பதைச் சங்கப் பாடல்கள் பலவற்றில் காண்கிறோம். அவற்றையும் அவள் அறிவாள். அறிந்து, உள்ளவற்றுள் ஒன்றை எடுத்துச் சுட்டினாள்; இல்லாததைப் படைக்கவில்லை. அவன் கண்டான் என்றும் அவள் சொல்லவில்லை. அவன் வழி இத்தகையது என்றாள், அங்கே நிறுத்திக்கொண்டாள். எஞ்சியதைத் தலைவியிடம் விட்டுவிட்டாள். என்னையும் இதே அளவுகோலால் அளந்து பார்த்தேன். ஓவியத்தில் ஒரு மனிதன் இருக்கிறான். அவன் நோக்காமல் நிற்கிறான். இவ்வளவே ஓவியத்தில் உள்ளது. அவன் தந்தை என்பதற்கு அங்கே மகன் இல்லை, மனை இல்லை, ஒரு சிறு விளையாட்டுப் பொருள்கூட இல்லை. அவன் யார் என்பதில் ஆராய்ச்சியாளரே பலவாறு சொல்கிறார்கள். தந்தை என்பது என் பேச்சின் முடிவு சிறப்பாக அமைய வேண்டும் என்பதற்காக நான் கொண்டுவந்து நிறுத்திய ஆள். கேட்பவரை மறந்த பொழுதே படத்தையும் மறந்திருக்கிறேன். பெரியவர் அஞ்சியது போல உண்மையும் கனிவும் இங்கே எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கவில்லை.

இதையெல்லாம் நண்பரிடம் தனியே சென்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "நீங்கள் சொன்னது பொய்யாக இருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது, சார்" என்றார். அதற்கு என்னிடம் விடை இருந்தது. வலி, புண் இருப்பதைத்தான் காட்டும்; அம்பு எய்தவன் குறி அறிந்து எய்தான் என்பதைக் காட்டாது. ஆனால் அந்த விடையும் ஒரு பொருள்கோள்தானே என்று எண்ணி வாயை மூடிக்கொண்டேன். புறப்படும்போது ஒன்று மட்டும் சொன்னேன்: "நீங்கள் அவனையே கேட்டிருக்கலாமே."

கேட்பது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. ஒரு மாதத்திற்கு மேல் ஆயிற்று. பிறகு ஒருநாள் மாலை கந்தகிரிக் கோயிலில் தற்செயலாகச் சந்தித்தபோது, பிராகாரத்தில் அமர்ந்து நடந்ததைச் சொன்னார். மகன் தொலைபேசியில் பேசியபோது, படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஏன் அதை வாங்கினாய் என்று. கூடத்துச் சுவரில் ஈரம் ஊறிக் கறை படிந்திருந்தது, அதை மறைக்கும் அளவுக்குப் பெரிய படம் வேறு அந்தக் கடையில் இல்லை என்றானாம். இவர் விடாமல், "அதில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒருவன் நிற்கிறானே" என்று கேட்டிருக்கிறார். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. "அப்படி ஓர் ஆள் அதில் இருக்கிறானா, அப்பா? நான் பார்த்ததே இல்லையே" என்றானாம். அதன்பின் இருவரும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்பதை நண்பர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"மெய்யாகவே பார்க்கவில்லையா, அல்லது எனக்காக அப்படிச் சொன்னானா, தெரியவில்லை" என்றார். கோயில் மணி அடித்தது. இருவரும் எழுந்து சந்நிதிக்குச் சென்றோம்.

அடுத்த சனிக்கிழமை படம் மீண்டும் கூடத்திற்கு வந்துவிட்டது. மாட்டுவதற்குமுன் நண்பரின் துணைவியார் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஏர் இந்தியாவின் சாம்பற்கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் உடனே படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். அனைவரும் அருகே சென்று பார்த்தோம். யானைகள் அன்னங்களாயின, அன்னங்கள் யானைகளாயின. இடப்பக்கத்து மனிதன் வலப்பக்கத்திற்கு வந்து, தலை கீழாக நின்றான். "அவனுக்குத்தான் நிழல் ஒத்துவரவில்லை" என்றார் அந்த அம்மையார், ஆணியைத் தேடிக்கொண்டே.